போகிக்கு முன் ஒரு கடிதம்

குயின்சி, மாசசூசெட்ஸ்
டிசம்பர் 14

அன்புள்ள முத்து,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உறையில் உன் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். பனி தொடங்கிவிட்டது. தனியாக வெளியே போகாதீர்கள் என்று மகள் சொல்கிறாள். இருந்தாலும் மத்தியானம் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறேன்.

நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்ததுதான் இந்த ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. வீட்டை விற்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது, அதில் 1965-இல் அவர் எல்லையிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்களும் யூனிஃபார்மில் ஒரு போட்டோவும் இருந்தன என்று எழுதியிருந்தாய். "படிக்கவும் கூச்சமாக இருக்கிறது, வைத்துக்கொள்ளவும் இடமில்லை. போகிக்கு எரித்துவிடலாமா?" என்று கேட்டிருந்தாய்.

வேண்டாம் முத்து. ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நான் இருக்கும் இந்தக் குயின்சி, ஜான் ஆடம்ஸின் ஊர். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. அந்தக் காலத்தில் இந்தப் பகுதி பிரெய்ன்ட்ரீயைச் சேர்ந்திருந்தது. அவர் பிலடெல்பியாவில் மாகாணங்களின் காங்கிரசில் உட்கார்ந்திருக்க, மனைவி அபிகெயில் இங்கே நாலு குழந்தைகளோடு பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில் 1,100-க்கு மேல் பிழைத்திருக்கின்றன. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் மூலப் பிரதிகள் இருக்கின்றன. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். மை ஊறிய இடம், அடித்து எழுதிய இடம் எல்லாம் தெரிகிறது. முப்பத்து நாலு வருஷம் தபாலைக் கையில் தொட்டவன் நான். இதைப் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

உறையே கிடையாது, தெரியுமா? எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து மூடி, வெளிப்பக்கத்தில் விலாசம். நம் இன்லேண்ட் லெட்டர் மாதிரிதான். தபால்தலை இங்கே 1847-இல்தான் வந்தது: ஐந்து சென்டுக்கு ஃபிராங்க்ளின், பத்து சென்டுக்கு வாஷிங்டன். அதுவரை பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் புரட்சிப் போர் தொடங்கிய 1775-இல் ஆடம்ஸ் போன்றவர்கள் தபாலை நம்பவில்லை. அந்தப் பக்கம் போகும் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதிலும் ஆபத்து இருந்தது. அந்த வருஷம் கோடையில் அப்படிக் கடிதம் கொண்டுவந்த ஓர் இளம் வக்கீல் பிரிட்டிஷ் கடற்படையிடம் சிக்கினார். அவரிடமிருந்த ஆடம்ஸின் கடிதங்களைப் பிரிட்டிஷ் ஆதரவுப் பத்திரிகை அப்படியே அச்சடித்துவிட்டது. ஒன்றில் ஆடம்ஸ், சக உறுப்பினர் ஜான் டிக்கின்சனை "அற்ப மேதை" என்கிற ரீதியில் திட்டியிருந்தார். செப்டம்பரில் பிலடெல்பியாத் தெருவில் எதிர்ப்பட்ட டிக்கின்சன், ஆடம்ஸின் வணக்கத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்து போனார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

இப்படிப்பட்ட பயம் இருக்கும்போது, என் கடிதங்களை எரித்துவிடுங்கள் என்று அபிகெயில் எழுதியதில் என்ன ஆச்சரியம்? அதற்கு 1776 ஏப்ரல் 28-இல் ஜான் எழுதிய பதிலை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "கடிதங்களை எரிக்கச் சொல்கிறாய். அதற்கு முதலில் நான் உன்னை மறக்க வேண்டும்."

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு உன் அம்மா ஞாபகம்தான் வந்தது. அந்தப் பெட்டியை அறுபது வருஷம் பூட்டி வைத்திருந்தது அவர்தானே?

எரித்தவர்களும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் இறந்த பிறகு, மனைவி மார்த்தா தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களையெல்லாம் தீயில் போட்டுவிட்டார். நாற்பது வருஷத் தாம்பத்தியம், எட்டு வருஷப் போர், எல்லாம் சாம்பல். அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கணவர் ஊருக்கெல்லாம் சொந்தமாகிவிட்டார், இதுவாவது எனக்கே எனக்கு என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் ரெண்டு மூன்று கடிதங்கள் தப்பித்துவிட்டன. அவற்றில் இரண்டு ஒரு மேசையின் இழுப்பறைக்குப் பின்னால் சிக்கிக் கிடந்தனவாம். ஒன்று 1775 ஜூன் 18-ஆம் தேதியிட்டது. படைக்குத் தலைமை ஏற்கச் சொல்லிவிட்டார்கள், மறுக்க முடியவில்லை, இலையுதிர் காலத்தில் திரும்பிவிடுவேன் என்று எழுதுகிறார். உயில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன் என்கிறார். அந்தக் கடிதத்திலேயே, உனக்கு ரெண்டு உடுப்புக்கு நல்ல மஸ்லின் துணி வாங்கியிருக்கிறேன் என்றும் எழுதுகிறார். உயிலும் மஸ்லினும் ஒரே தாளில்! அவர் மறுபடி தன் வீட்டு வாசலை மிதித்தது 1781 செப்டம்பரில். சரித்திரப் புத்தகத்தில் குதிரை மேல் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் மனிதரை, இந்த ஒரு தாள்தான் எனக்குக் கணவனாகக் காட்டியது.

அந்த ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, இங்கே அபிகெயிலும் எழுதிக்கொண்டிருந்தார். முந்தைய நாள்தான் பாஸ்டன் பக்கத்தில் பிரிட்டிஷ் படையோடு பங்கர் ஹில் சண்டை. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பென்ஸ் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்று, சண்டை நடந்த சார்ல்ஸ்டவுன் ஊர் பற்றி எரிவதைப் பார்த்தார், ஏழு வயது மூத்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு. குடும்ப டாக்டர் ஜோசப் வாரன் அந்தச் சண்டையில் செத்துப்போனார். "வெடிக்கிற என் நெஞ்சு இந்தப் பேனா வழியாகத்தான் ஆற வேண்டும்" என்று தொடங்கி, நம் அருமை நண்பர் வாரன் இனி இல்லை என்று எழுதுகிறார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்கிறார். பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதிய கடிதம் அது. இப்போது அந்த மேட்டில் கல்லால் ஒரு சிறு நினைவுக் குவியல் கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் வீடுகள்.

அந்தப் பையனைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் ஜான் குவின்சி ஆடம்ஸ். ஒன்பது வயதில் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: எனக்குக் கடிதம் எழுதுவதைவிட வாங்கத்தான் ரொம்பப் பிடிக்கும், என் புத்தி பறவை முட்டைக்கும் விளையாட்டுக்கும் பின்னால் ஓடுகிறது என்கிறான். அந்தப் பையன் வளர்ந்து ஆறாவது ஜனாதிபதி ஆனான். பதவி போன பிறகு வீட்டில் உட்காரவில்லை, சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குப் போய், அடிமை முறைக்கு எதிரான மனுக்களைப் படிக்கக்கூடாது என்ற விதியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். பன்னிரண்டு வயதில் தொடங்கிய நாட்குறிப்பைச் சாகும்வரை எழுதினார். 51 தொகுதிகள்!

1843 மார்ச்சில், 75 வயதில், வாஷிங்டனில் பிலிப் ஹாஸ் என்பவரின் ஸ்டூடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்தார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒருவரை எடுத்த படங்களில், மூலப் படமாக இன்று கையில் இருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான். அந்தக் காலத்துப் போட்டோ காகிதத்தில் இல்லை. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, அயோடின் ஆவியில் காட்டி, படம் பிடித்தபின் பாதரச ஆவியில் காட்டுவார்கள். டாகுரோடைப் என்று பெயர். நெகட்டிவ் கிடையாது. ஒரு தகடு, ஒரே படம், அதுவும் இடவலம் மாறி. அதைத் தன்னோடு சபையிலிருந்த ஹோரஸ் எவரெட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து 2017-இல் ஏலத்துக்கு வந்தபோது 3,60,500 டாலருக்குப் போயிற்று. இப்போது வாஷிங்டனில் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கால் மேல் கால் போட்டு, கைகளைக் கோத்து வைத்து, நேராக நம்மைப் பார்க்கிறார். அழகாக எல்லாம் இல்லை. அதே வருஷம் ஆகஸ்டில் யூட்டிகாவில் எடுத்த படங்களை "எல்லாம் விகாரம்" என்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் நான் பார்த்தது முகத்தை அல்ல, கைகளை. ஏன் தெரியுமா? 1846-இல், கிட்டத்தட்ட எண்பதை நெருங்கும்போது, இங்கிலாந்திலிருந்த ஒரு நண்பருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். சார்ல்ஸ்டவுன் நெருப்பை என் கண்ணால் பார்த்தேன், வாரனுக்காக அம்மா அழுதபோது நானும் சேர்ந்து அழுதேன் என்று சொல்லிவிட்டு ஒன்றைச் சேர்க்கிறார்: என் சுட்டுவிரல் மோசமாக முறிந்தபோது, வெட்டி எடுக்காமல் காப்பாற்றியவர் அந்த டாக்டர்தான். அந்தப் படத்தில் கோத்திருக்கிற கைகளில்தான் வாரன் காப்பாற்றிய விரல் இருக்கிறது, முத்து. கடிதம் இல்லையென்றால் அது ஒரு கிழவரின் கை. அவ்வளவுதான்.

இப்போது சொல், உன் அப்பா போட்டோவையும் கடிதங்களையும் பிரிக்கலாமா?

போட்டோ மட்டும் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். இங்கே பழம்பொருள் கடைகளில் ஒரு தட்டு நிறைய இந்த மாதிரித் தகடுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்சம் சாய்த்தால் என் முகம் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் யாரோ ஒரு சிப்பாயின் முகம். பெயர் இல்லை, ஊர் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ. அன்று முழுக்க மனசு சரியில்லை.

சிப்பாய்கள் என்றதும் இன்னொன்று. 1864-இல், வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டிருந்த உள்நாட்டுப் போரின் நடுவே, புரட்சிப் போரில் சண்டையிட்டு இன்னும் உயிரோடு இருந்த கிழவர்களை ஒரு பாதிரியார் தேடிப் போனார். ஆறு பேரின் படங்களும் பேச்சும் கிடைத்தன. எல்லாருமே நூறைத் தாண்டியதாகச் சொன்னவர்கள். லெமுவல் குக் என்பவர் கைத்தடியைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். வாஷிங்டனைக் கண்ணால் கண்டவர், 1866-இல் இறந்தார். இன்னும் சில வருஷம் கழித்துப் போயிருந்தால் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஜான் குவின்சிக்கு முடிவு சபையிலேயே வந்தது. மெக்சிகோ மீதான போரை அவர் கடைசிவரை எதிர்த்தார். உலகத்திலேயே முதன்முதலில் கேமரா போன போர்களில் அதுவும் ஒன்று. சால்டிலோ என்ற மெக்சிகோ ஊரின் தெருவில் அமெரிக்க ஜெனரல் வூல் குதிரைப் படையோடு நிற்கும் டாகுரோடைப் இருக்கிறது, யாரோ தெரு நடுவே அவர்களைச் சற்று நிறுத்திவைத்து எடுத்தது. அந்தப் போரின் தளபதிகளுக்கு நன்றி சொல்லும் தீர்மானம் 1848 பிப்ரவரி 21-இல் வந்தபோது, ஜான் குவின்சி எதிர்த்து ஓட்டுப் போட்டார். அப்புறம் கொஞ்ச நேரத்தில் இருக்கையிலேயே சாய்ந்தார். இரண்டு நாள் கழித்து அதே கட்டடத்தில் சபாநாயகர் அறையில் உயிர் பிரிந்தது.

ஆடம்ஸ் வீட்டுக் கடிதப் பெட்டியைத் திறந்தது பேரன்தான். ஜான் குவின்சியின் மகன் சார்ல்ஸ் பிரான்சிஸ், பாட்டி அபிகெயிலின் கடிதங்களை 1840-இல் அச்சில் கொண்டுவந்தார். தாத்தா வீட்டை ஒட்டி 1870-இல் கல்லால் ஒரு நூலகமே கட்டினார், காகிதங்கள் தீப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று. அவருக்கும் உன்னைப் போலக் கூச்சம் இருந்திருக்கும். பிரசவ வலிக்கு நடுவே பாட்டி எழுதிய கடிதம் கூட அந்தக் காகிதங்களில் உண்டு. 1777 ஜூலையில், தாங்க வேண்டியதைத் தாங்க இப்போது பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று எழுதிவிட்டு, மறுபடி எடுத்து எழுதியிருக்கிறார். குழந்தை இறந்தே பிறந்தது.

சரி, நீ செய்ய வேண்டியது இதுதான். கடிதங்களை லேமினேஷன் பண்ணிவிடாதே, கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதே. வெயில் படாத இடத்தில் மெதுவாகப் பிரித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வை. போட்டோவின் பின்புறம் பென்சிலால், பேனா வேண்டாம், அப்பா பெயர், ஊர், வருஷம் எழுது. பேத்தியை விட்டு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுக்கச் சொல். உறையையும் விடக்கூடாது. ராணுவத் தபால் முத்திரை எந்த எண், எந்தத் தேதி என்று எனக்குப் பார்க்க வேண்டும். படிக்கக் கூச்சமாக இருந்தால் இப்போது படிக்காதே. இடம் இல்லையென்றால் பெட்டியை என் தம்பி வீட்டில் கொண்டுபோய் வை, அவனிடம் நேற்று போனில் பேசிவிட்டேன். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறதாம்.

போகிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. அதற்குள் முதல் கடிதத்தின் படமாவது எனக்கு வந்துவிட வேண்டும். அம்மாவை அப்பா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதினார் என்று மட்டும் உடனே சொல்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

என்றும் உன்,
வேலு