குழந்தை வழக்கில் 'சமரசம்' எங்கே?

ஆசிரியருக்கு,

பெற்றோரோ பாதுகாவலரோ குழந்தையைத் துன்புறுத்தியதாக வழக்கு வந்தால், 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சட்டம் அவ்வளவு எளிதல்ல.

சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75-இன் கீழ் இக்கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. குழந்தைகள் இல்லப் பணியாளர் போன்ற நிறுவன ஊழியர் செய்தால் ஐந்தாண்டு வரை. ஆனால் 2021 திருத்தத்துக்குப் பின் இக்குற்றத்தை நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவின்றிப் போலீசார் புலனாய்வு செய்ய முடியாது. புகார் பல நேரம் வழக்காகப் பதிவாகாமல் மனு ரசீதோடு நின்றுபோவது இதனால்தான். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை அடியோடு கைவிடும் நோக்கில் விட்டுச் சென்றிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 93-உம் சேரும். அப்போது போலீசாரே முழு வழக்கையும் புலனாய்வு செய்யலாம். புகார் எழுதும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைப் பேரம் பேசும் வழி, குழந்தைக்கு எதிரான குற்றங்களுக்குக் கிடையாது. பிரிவு 75-ஐ நடுவர் முன் சமரசம் செய்யவும் இயலாது. வழக்கு ரத்தாக வேண்டுமெனில் உயர் நீதிமன்றம்தான். குற்றம் நிரூபணமானாலும், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பார்த்து, 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி பிணையப் பத்திரத்தில் விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் புறக்கணிப்பு 'வேண்டுமென்றே' நடந்தது என்பதை நிறுவுவதில். காயச் சான்றிதழ், பள்ளி வருகைப் பதிவு, அண்டை வீட்டாரின் சாட்சியம் இல்லாமல் குழந்தையின் வாக்குமூலத்தை மட்டும் நம்பக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருடனேயே வாழும் குழந்தை பிறழ்சாட்சியாவதில் வியப்பென்ன?

— ஒரு வாசகர்