கப்பல் விளம்பரம் தயாரிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். 40 வருஷம் சிவகாசியில் காலண்டருக்கும் போஸ்டருக்கும் படம் போட்டுப் பிழைத்தவன் எழுதுகிறேன். போன மாதம் பேரன் தன் போனில் ஒரு சொகுசுக் கப்பல் விளம்பரத்தைக் காட்டி, “பழைய காலத்துப் படம் மாதிரியே இருக்கு பாருங்க தாத்தா” என்றான். அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் கறுத்த முகப்பு, பின்னால் வெளுத்துக்கொண்டே போகும் வானம், காலடியில் நாலு பறவை. வேண்டுமென்றே மங்கடித்து, மூலையில் மடிப்புத் தழும்பு வேறு. மடிப்பு விழுந்த ஷீட்டைக் கழித்துக்கட்டியே காலம் தள்ளியவனுக்கு அதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது.

மூலப்படம் எனக்குப் பழக்கமானது. 1935இல் நார்மண்டி என்ற பிரெஞ்சு பயணிக் கப்பலுக்காக, கசாந்தர் என்ற பிரெஞ்சு போஸ்டர் ஓவியர் போட்டது. ஒரு புத்தகத்தில் அச்சாகியிருந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். 313 மீட்டர் நீளக் கப்பலின் நீளத்தைக் காட்டவே இல்லை, நேர் எதிரே நின்றுவிட்டார் மனுஷன். பக்கவாட்டில் போட்டிருந்தால் தாளுக்குள் அடங்கிப் பொம்மையாகியிருக்கும். நீர்மட்டத்தில் பொடிப்பொடியாகச் சில வெள்ளைப் பறவைகள். அவற்றை விரலால் மறைத்துப் பாருங்கள், கப்பல் சட்டென்று சிறுத்துப்போகும். பயணி இல்லை, ஷாம்பெயின் இல்லை, நீச்சல் குளமும் இல்லை. கப்பல் பெயரும் போகும் ஊர்களும் எழுதியிருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நார்மண்டியின் மூன்று புகைபோக்கிகளில் மூன்றாவது புகையே விடாது. வரிசை அழகுக்காக வைத்தது. அதன் அடியில் பயணிகளின் நாய்களுக்குக் கூண்டு. முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம் 90 மீட்டருக்கு மேல் நீளம், லாலிக் என்ற பிரெஞ்சு கண்ணாடிக் கலைஞரின் விளக்குகள் ஜொலிக்கும், ஆனால் ஜன்னல் கிடையாது. கடல் நடுவில் கடலைப் பார்க்காமல் சாப்பிட வேண்டும்! முதல் வருஷம் பின்பகுதி அதிர்ந்த அதிர்ச்சியில் புரொப்பெல்லர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறையில் தீப்பிடித்துச் சாய்ந்தது. ஏழு வருஷம்கூட ஓடவில்லை. போஸ்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பகட்டு எதற்குத் தேவைப்பட்டது தெரியுமா? அதுவரை அட்லாண்டிக் கப்பல்களுக்குச் சோறு போட்டது அடித்தளத்தில் அடைபட்டு அமெரிக்காவுக்குக் குடியேறப் போன ஏழைகளின் டிக்கெட். 1921லும் 1924லும் அமெரிக்கா போட்ட சட்டங்களால் அந்தக் கூட்டம் வற்றியது. காலியான இடத்தைச் சீர்செய்து, ‘டூரிஸ்ட் மூன்றாம் வகுப்பு’ என்று புதுப்பெயர் வைத்து, மாணவர்களுக்கும் வாத்தியார்களுக்கும் விற்றார்கள். படுக்கையை நிரப்ப ஆசையை மூட்டியாக வேண்டும், அதற்குத்தான் ஓவியரைக் கூப்பிட்டார்கள். (நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் பினாங்கு போனவர்களிடம் கப்பலின் கவர்ச்சி பற்றிப் பேசிப்பாருங்கள். அது தனிக் கதை.)

1958இல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியதும் ஊர் போய்ச் சேரக் கப்பல் தேவையில்லாமல் போனது. ‘போய்ச் சேர்வதிலேயே பாதி இன்பம்’ என்று குனார்டு கப்பல் கம்பெனி விளம்பரம் செய்தது ஏற்கெனவே கொஞ்சம் கெஞ்சலாகத்தான் இருந்தது. பிறகு கப்பலே ஊராகிவிட்டது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கசாந்தர் 1935இல் பாய்மரக் கப்பலைப் போடவில்லை. அன்றைக்குக் கடலில் இருந்ததிலேயே புத்தம்புதியதைப் போட்டார். நீங்களோ இன்றைய கப்பலை விற்க அவருடைய முகப்பை ஒட்டுகிறீர்கள். 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் சுமார் 365 மீட்டர், 20 தளம். நார்மண்டியைவிடப் பெரிது. அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி பால்கனி வரிசை, உச்சியில் சறுக்குக் குழாய்கள். அழகில்லை என்பீர்கள். நார்மண்டியை வரைவதற்கு முன் ‘கப்பல் முகப்பு’ மட்டும் அழகாகவா இருந்தது? ஒருத்தர் நிற்க இடம் தேடி நின்றார்.

‘பார்ட்டி (வேலை கொடுக்கும் வாடிக்கையாளர்) கேட்டது ரெட்ரோதான், பழைய பாணிதான்’ என்பீர்கள். பார்ட்டிகளோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். கேட்டதை ஒன்று போட்டுக் கொடுங்கள், கூடவே கேட்காத ஒன்றையும் மேஜையில் வையுங்கள். அதற்குத் துறைமுகத்துக்கு ஒருதரம் நேரில் போய்வர வேண்டும். கப்பலைக் கரையில் கட்டி நிறுத்தியிருக்கும்போது கயிற்றுப் பக்கத்தில் நின்று மேலே பாருங்கள், எத்தனை பால்கனி வரை எண்ண முடிகிறது என்று. தளத்தைக் கழுவுகிறவர் அங்கிருந்து எத்தனை சிறிதாகத் தெரிகிறார் என்றும் பாருங்கள். உங்களுக்குப் பறவை தேவைப்படாமலே போகலாம்.

அன்புடன்,
சிவகாசியிலிருந்து ஒரு பழைய லித்தோ ஓவியன்