ஒன்றாம் வகுப்பு முடித்த பாப்பாவின் அப்பாவுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் கொலுசுப் பட்டறைச் சத்தத்தில் உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும், மீதியை நீயாக நிரப்பிக்கொண்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு நீயும் சரி என்றுவிட்டாய். ஏப்ரல் கடைசியில் இதே கேள்வியோடு நிற்கிற அப்பாக்கள் செவ்வாய்ப்பேட்டையிலும் இருக்கிறார்கள், இங்கே ஏற்காட்டு மலை மேலேயும் இருக்கிறார்கள்.

"ஒரு வருசம் பூரா போயிட்டு வந்திருக்கா. பேப்பரை நீட்டினா ஒரு வரி படிக்க மாட்டேங்கறா. எதுத்த வீட்டுப் பையன் ரெண்டு பக்கம் எழுதறான். டி.சி. வாங்கிடலாமாக்கா?" என்று கேட்டாய்.

வாங்காதே. ஏன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த எதிர்த்த வீட்டுப் பையன். அவன் நோட்டைக் கேட்டு வாங்கு. அதில் 'அணில்' என்று எழுதியிருப்பான். எல்லா நோட்டிலும் அணில் இருக்கும். நோட்டை மூடிவிட்டு 'மணி' என்று எழுதச் சொல். பாட்டுப்போல அ ஆ ஒப்பிக்கிறவன், 'ணி' என்ற எழுத்தை அணிலில் நூறு தடவை எழுதியவன், மணியையும் எழுதிவிட வேண்டும் அல்லவா? எழுதினால் கெட்டிக்காரன், கைதட்டிவிட்டு வா. பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றால், அவன் அணிலை எழுதவில்லை, வரைந்திருக்கிறான் என்று அர்த்தம். கோலம் போடுகிற கைக்கும் அது வரும். பையன் மேல் தப்பே இல்லை. ரெண்டு பக்கம் எழுதினால்தான் ஃபீஸ் கட்டுகிற அப்பாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக அவன் உழைக்கிறான். கண்ணி சேர்க்காத கொலுசுக்கு நீ பாலிஷ் போடுவாயா?

இப்போது பாப்பா. பொங்கலுக்கு வந்தபோது என் சிலேட்டை எடுத்துக்கொண்டு 'கொலுசு' எழுதினாளே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் க போட்டாள். பக்கத்தில் கால் போட்டாள். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள், ஏதோ குறைகிறது என்று தெரிந்தது, கொம்பைக் கொண்டுவந்து கடைசியில் ஒட்டவைத்தாள். அடுத்து ல எழுதி, கு-வுக்குக் கீழே வருகிற வளைவை அதற்கு மாட்டிவிட்டாள். சு மட்டும் சரியாக வந்தது. நீ பார்த்தாய், "எல்லாம் தப்பு" என்று உள்ளங்கையால் துடைத்தாய். எனக்கு அந்தச் சிலேட்டை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

யாரும் எழுதிக் காட்டாத ஒரு சொல் அது. அவள் புத்தகத்தில் கொலுசு கிடையாது, உன் பட்டறையில்தான் இருக்கிறது. அதை மூன்று துண்டாகக் காதால் வெட்டி, வரிசை மாறாமல் வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கையிலிருக்கிற உருவங்களில் எது பொருந்தும் என்று தேடியிருக்கிறாள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது ஐந்து வயதுக்கு அநியாயமான விதி. வாய் முதலில் சொல்வது க, கை முதலில் போட வேண்டியது கொம்பு. லு-வுக்குக் கு-வின் வளைவைப் போட்டதும் நியாயம்தான். உகர வரிசையில் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, டு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி வளைகிறது. அவளோ எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் இருக்கும் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கைதான் படிப்பு. வளைவை இரண்டாம் வகுப்பில் திருத்திக்கொள்ளலாம்.

நான் பாடம் எடுக்கிற ஒன்றாம் வகுப்பில், ஜூனில் அ-வில் ஆரம்பிப்பதில்லை. அம்மாவுக்கு இதில் இன்னும் வருத்தம். விஜயதசமிக்கு அரிசியில் அ எழுதிய கை அவளுடையது. ஆனால் அ என்பது சுழி, வளைவு, கோடு எல்லாம் சேர்ந்த எழுத்து. பல்பத்தை முஷ்டியில் பிடித்திருக்கிற பிள்ளைக்கு அது மலையேற்றம். ட என்றால் இரண்டு கோடு, ப என்றால் மூன்று கோடு, ம-வில் ஒரே ஒரு வளைவு. புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டால் படம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். மூன்று எழுத்திலேயே பிள்ளை ஒரு முழுச் சொல்லைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார் ஒரு பார்வை! அதற்கு முன்னால் பல நாள் களிமண் உருட்டுவதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும், மணி கோப்பதும்தான் நடக்கும். "விளையாடவா அனுப்பறோம்?" என்று கேட்காத பெற்றோர் கிடையாது. விரலுக்குத் தெம்பு வராமல் எழுத்து வராது, அவ்வளவுதான்.

247 எழுத்து என்று மலைத்துப் போகிறாயே, அதை மனப்பாடம் செய்வதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216-ம் கால், கொம்பு, சுழி என்று அடையாளங்களை மாட்டுகிற வேலை. அடையாளம் பிடிபட்டால் மளமளவென்று போகும், உகர ஊகாரம் மட்டும் முரண்டு பிடிக்கும். அந்த வகையில் நம் பிள்ளைகள் பாக்கியசாலிகள். 1978-ல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியதில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை மற்ற எழுத்துகளின் வரிசைக்கு வந்துவிட்டன. அம்மா இன்னும் மளிகைச் சீட்டில் பழைய லை-யைத்தான் போடுகிறாள். பாப்பா அதைப் பார்த்து "அப்பத்தா யானை வரைஞ்சிருக்கு" என்றாளாம்.

ல, ள, ழ குழப்பத்தைப் பற்றிக் கவலையே படாதே. வீட்டில் நாம் 'பளம்' என்றுதானே சொல்கிறோம்? அவள் பளம் என்று எழுதினால் காது நன்றாக வேலை செய்கிறது. நம் வாயைத் திருத்தாமல் அவள் கையைத் திருத்தாதே.

அடுத்தது கணக்கு. "நூறு வரைக்கும் சொல்லுவாக்கா" என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு அந்த நூறைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அன்றைக்கு அவள் "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்திப்பத்து" என்று சொன்னாள். நீ சிரித்தாய். மனப்பாடம் செய்த வாயில் இருபத்திப்பத்து வரவே வராது. எண்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்குத்தான் அது வரும். பத்து சேர்ந்தால் கட்டாகக் கட்டிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இன்னும் பாக்கி. எங்கள் வகுப்பில் அதற்கு விளக்குமாற்றுக் குச்சியும் ரப்பர் பேண்டும்.

நூறு வரை மூச்சுவிடாமல் சொல்கிற பிள்ளையிடம் "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு சாமி" என்றால் கை நிறைய அள்ளி நீட்டும். ஜூனில் அநேகமாக எல்லாரும் அப்படித்தான். இன்னொன்று வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எட்டு கொட்டையை நெருக்கமாக ஒரு வரிசை, அதற்கு எதிரே எட்டு கொட்டையை இன்னொரு வரிசை வை. சமமா என்றால் சமம் என்பார்கள். கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்துவிட்டுக் கேள். சின்னப் பிள்ளை, நீளமான வரிசையில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்லும். பியாஜே என்கிற சுவிட்சர்லாந்துக்காரர் குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்து எழுதியதை ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் பரீட்சைக்காகப் படித்தோம். வகுப்பில் ஒரு பிள்ளை என்னை ஏமாற்றுக்காரி மாதிரிப் பார்த்து, "அதே கொட்டைதானே டீச்சர், நகத்திதானே வெச்சீங்க" என்று சொன்ன அன்றைக்குத்தான் அந்தப் பாடம் எனக்கே புரிந்தது. அந்த வாக்கியத்துக்கு மார்க் போட ரிப்போர்ட் கார்டில் கட்டம் இல்லை.

ரிப்போர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. பாப்பா 'அரும்பு' நிலையில் இருக்கிறாள் என்று அவள் டீச்சர் சொன்னதைக் கேட்டு, ஃபெயில் என்று நினைத்துக்கொண்டாய் போல. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கே எழுத்து தெரியாத நிலை இருந்தது. அதற்காக 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. ஒரே வகுப்பில் யார் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து கூட்டிப் போவதற்காக அந்தப் பெயர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருப்பதுதான் முறை. இதில் எனக்கும் ஒரு முணுமுணுப்பு உண்டு: மதிப்பீட்டைப் பதிவேற்றுகிற நேரத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்க வைக்கலாம். அதை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

'ஒரு வருசம் பூரா' என்கிறாயே, அது எவ்வளவு நேரம் என்று யோசித்திருக்கிறாயா? கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். எங்களைப் போன்ற சின்னப் பள்ளியில் அந்த இரண்டு பேரும்தான் ஐந்து வகுப்புக்கும். நான் ஒன்றாம் வகுப்பிடம் குனிந்திருக்கும்போது மூன்றாம் வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும், எழுதி முடித்தால் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். இதில் மழையும் மூடுபனியும் உண்டு. அப்புறம் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்கள். அம்மா அப்பா இரண்டு பேரும் எஸ்டேட்டுக்குப் போய்விட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, கையோடு கூட்டிப் போய்விடுவார்கள். போகிற பிள்ளை திரும்பி வரும்போது கொம்பு மறந்திருக்கும், ஆனால் பழுத்தது எது, காய் எது என்று பிரிக்கத் தெரிந்திருக்கும். அதையே கணக்குக்குப் பிடித்துக்கொள்வேன்.

காலை உணவு வந்தபிறகு ஒரு மாற்றம் கண்கூடு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. முன்னெல்லாம் வெறும் டீயைக் குடித்துவிட்டு வந்து பத்தரை மணிக்கே சுருண்டு படுக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது உப்புமாவோ பொங்கலோ உள்ளே போயிருக்கிறது. அந்த முதல் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை நீ கவனித்திருக்கவே மாட்டாய். போன ஜூனில் உன் மகளிடம் யார் எதைக் கேட்டாலும் அவள் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவாள். இப்போது "தெரியல" என்று வாயைத் திறந்து சொல்கிறாள். தெரியாது என்று பயமில்லாமல் சொல்வதற்கு எங்கள் வகுப்பில் சிலருக்குத் தீபாவளி வரை ஆகும். குழாயடியில் தன் முறை வரும்வரை நிற்கிறாள். விளையாட்டில் தோற்றால் அழுதுவிட்டு மறுபடி விளையாட வருகிறாள். நடந்ததை முன்பின் மாறாமல் சொல்கிறாள்: முதலில் நாய் வந்தது, அப்புறம் நான் ஓடினேன், அப்புறம் செருப்பு அறுந்தது. இது வராத பிள்ளைக்கு நாளைக்குக் கதை படித்தாலும் புரியாது.

எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கேள்வியும் கேட்கிறார்கள். சேலத்துக்குப் போகும்போது அடிவாரத்தில் வெள்ளையாகத் தெரிகிற கரட்டைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பையன், "சாக்பீஸ் அங்கதான் வெட்டறாங்களா டீச்சர்?" என்றான். வெள்ளைக்காரனே அதை 'சாக் ஹில்ஸ்' என்றுதான் அழைத்திருக்கிறான், பையனைச் சொல்லி என்ன. அது மேக்னசைட், உலை உள்ளே தீயைத் தாங்குகிற செங்கல் செய்யப் போகிறது, சாக்பீஸ் ஜிப்சத்தில் செய்வது என்று சொன்னேன். ஒரு கல் துண்டைக் கொண்டுவந்து போர்டில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் விட்டான்.

இங்கிலீஷ் பாட்டு, நிறம், உடம்பு உறுப்பு எல்லாம் பாப்பாவுக்கு வந்திருக்கிறது. இந்த வயதுக்கு அது போதும்.

லீவில் டியூஷன் வேண்டாம். ரெண்டு பக்கமும் வேண்டாம். சாயங்காலம் பட்டறைக்குக் கூட்டிப் போ, ஆசிட் பக்கம் மட்டும் விடாதே. சலங்கை மணிகளைப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல். கொலுசுகளை ஜோடி சேர்க்கச் சொல். ஜோடி கிடைக்காமல் ஒன்று மிஞ்சினால் எத்தனை கொலுசு என்று கேள். ஒற்றை எண், இரட்டை எண் என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. கடைப் பலகைகளைப் படிக்கட்டும். அவளாகக் கேட்காத வரைக்கும் நீ எடுத்துக் கொடுக்காதே. உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் வாருங்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடு. 20 கொண்டை ஊசி வளைவிலும் எண் பலகை இருக்கிறது, படித்துக்கொண்டே வரட்டும். பாதியில் தலை சுற்றுகிறது என்றாள் என்றால் விட்டுவிடு, எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். டி.சி. பேச்சை இங்கே வந்து பேசிக்கொள்ளலாம். அதுவரைக்கும் அவள் சிலேட்டில் எதையும் அழிக்காதே.

அன்புடன்,
அக்கா