வெள்ளிக்கிழமைக் குளிசை

ஆசிரியருக்கு,

களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். வயது 41, முடக்கு வாதம் பிடித்து ஆறு வருடம். "இந்த வயசில என்ன வாதம் புள்ள, வேலைக்கள்ளி" என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார்கள். வயது போய் எலும்பு தேய்கிற வருத்தம் இல்லை இது, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டைத் தாக்குகிறது, பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு விரல் மடங்காது. இடியப்ப உரலைத் தொட்டு நாளாச்சு, தேங்காய்ப்பால் பிழிவது மகன். பிட்டுக்கு மா குழைப்பதை மட்டும் விடவில்லை, மா இளஞ்சூட்டில் இருந்தால் விரலுக்கு ஒத்தடம் மாதிரி.

சரி, நான் சொல்ல வந்தது குளிசையைப் பற்றி. இந்த வருத்தத்துக்கு முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும்தான். அதன் பக்கவிளைவைக் குறைக்கப் போலிக் அசிட் வேறாகத் தருவார்கள். எனக்குக் கிடைத்த இரண்டுமே சின்ன மஞ்சள் குளிசை. கவரில் காலை, பகல், இரவு என்று அச்சடித்திருந்தது, கிழமைக்கு இடமில்லை, மூலையில் இங்கிலிஷில் ஏதோ கிறுக்கியிருந்தது. நான் இரண்டையும் மாறிப் பிடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக் குளிசையை நாள்தோறும் போட்டு, ஐந்தாம் நாள் வாயெல்லாம் புண், கஞ்சி கூட இறங்கவில்லை, மறுகா காய்ச்சல். இரத்தம் சோதித்தால் வெள்ளணு சரிந்து கிடக்கிறது. வார்ட்டில் ஒன்பது நாள். தப்பினது பெரிய விஷயம், இந்த மருந்தைத் தினமும் போட்டு உயிர் போனவர்களும் உண்டு என்று டொக்டர் பிறகுதான் சொன்னார்.

மருந்தில் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன், சொன்ன தவணைக்கு இரத்தமும் சோதிக்கிறேன், அது இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான் கூடப் பூட்ட முடியாது. மருந்து கொடுக்கிற யன்னலில் எவ்வளவு சனம் என்றும் தெரியும். ஆனால் கவரில் "வெள்ளி மட்டும்" என்று தமிழில் இரண்டு சொல் எழுத எவ்வளவு நேரம் போகும்? கிளினிக்குக்கு வருகிற வயதான அம்மாமார் பாதிப்பேர் கவரைப் பார்த்துத்தான் குளிசை போடுகிறார்கள். இந்த மருந்துக்கு மட்டுமாவது கிழமையின் பெயரோடு ஒரு முத்திரை அடித்துக் கொடுக்கலாம்.

என் கவரில் இப்போது மகன் சிவப்புப் பேனையால் எழுதித் தருகிறான். இந்தக் கடிதமும் அவன் எழுத்துத்தான்.

ஒரு வாசகி,
களுவாஞ்சிக்குடி