கேட்பதற்கு ஓர் ஆளை அமர்த்துங்கள்

பேரன்புக்குரிய ஆயர் பெருமக்களே, மறைமாவட்ட ஊடகப் பணிக்குழுப் பொறுப்பாளர்களே, பங்குத்தந்தையரே,

வணக்கம். நான் ஒரு பொதுநிலையினன், குருவோ துறவியோ அல்லாதவன். ஞாயிறு திருப்பலியை நேரலையில் ஒளிபரப்பும் தன்னார்வக் குழுவில் கேமராவுக்குப் பின்னால் நிற்பவன். ஒலி ஒழுங்காகப் போகிறதா என்று காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பதால், மறையுரையில் பாதி என் மண்டைக்குள் ஏறுவதே இல்லை. அந்தக் கணக்கை, பாவங்களை அருள்பணியாளரிடம் அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளத்தில் தீர்த்துக்கொள்கிறேன். இங்கே எழுத வந்தது, எனக்கும் உங்களுக்கும் சேர்த்தே உரிய ஒரு குறையைப் பற்றி.

ஒருநாள் நள்ளிரவு தாண்டி 1.40 மணிக்கு எங்கள் பங்கின் முகநூல் பக்கத்துக்கு மூன்று வரியில் ஒரு செய்தி வந்தது. "என் அப்பா நோயில்பூசுதல் பெறாமலே இறந்துவிட்டார். அருள்பணியாளரை அழைக்கத் தாமதித்தது நான்தான். அப்பா இப்போது எங்கே இருப்பார்?" நோயுற்றவர்மேல் அருள்பணியாளர் எண்ணெய் பூசி மன்றாடும் அருளடையாளமே நோயில்பூசுதல். அடுத்த நொடியே அந்தச் செய்திக்குப் பதில் போய்விட்டது: "எங்களைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி. திருப்பலி நேரங்களை எங்கள் பக்கத்தில் காணலாம்." தானியங்கிப் பதில். எங்கள் குழுதான் அதை அமைத்துவைத்திருந்தது.

மனிதர் ஒருவர் அந்தச் செய்தியைத் திறந்து படித்தது 11 நாள் கழித்து. அதுவும் தற்செயலாக, பழைய படம் ஒன்றைத் தேடப் போன இடத்தில். படித்தவன் நான். அந்த 11 நாளும் பக்கம் சும்மா கிடக்கவில்லை. நாள் தவறாமல் பதிவுகள் ஏறியிருந்தன. அவற்றில் ஒன்று, சூரியன் மறையும் படத்தின்மேல் தங்க எழுத்தில், "துயருறுவோர் பேறுபெற்றோர், ஏனெனில் அவர்கள் ஆறுதல் பெறுவர்." அதை வடிவமைத்தவனும் நானே.

மன்னிப்புக் கேட்டு எழுதினோம். பங்குத்தந்தையும் தம் கைப்படப் பதில் எழுதினார். "பரவாயில்லை. யாராவது படிப்பார்கள் என்று நினைத்து எழுதவில்லை" என்று மறுமொழி வந்தது. கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

புதுக் கருவிகளைக் கண்டால் திருச்சபை ஒதுங்கிப்போகும் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் வானொலியின் முன்னோடியான மார்க்கோனியே. 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அதில் பேசினார். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட அதே நாளில், சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையையும் வெளியிட்டது. 1967 முதல் ஆண்டுதோறும் உலகத் தொடர்பு நாள் கொண்டாடுகிறோம். 2001 நவம்பர் 22 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மடிக்கணினியின் முன் அமர்ந்து, ஓசியானியத் திருச்சபைக்கான தம் அறிவுரை மடலை மின்னஞ்சலில் அனுப்பினார். 2012 டிசம்பர் 12 அன்று பதினாறாம் பெனடிக்ட் ட்விட்டரில் முதல் செய்தியை இட்டார். ஆக, வேகத்தில் நமக்குக் குறைவில்லை.

1995ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் வத்திக்கானின் இணையதளம் தொடங்கப்பட்டபோது, அதைத் தாங்கிய சர்வர்களுக்கு ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று அதிதூதர்களின் பெயர்களை வைத்தார்கள். வைத்தவர்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். ஆனால் லூக்கா நற்செய்தியில் கபிரியேல் என்ன செய்தார் என்பதை நாம் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறோம். மரியா இயேசுவைப் பெற்றெடுப்பார் என்ற செய்தியைச் சொன்னார், சரி. மரியா திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: இது எப்படி நிகழும்? கபிரியேல் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொன்னார். மரியாவின் "ஆகட்டும்" வரும்வரை அங்கேயே இருந்தார். நாம் நடத்தும் பக்கங்களில் கபிரியேல் வருகிறார், அறிவிக்கிறார், உடனே அடுத்த பதிவுக்குப் பறந்துவிடுகிறார்.

நம் பணிக்குழுக்களின் பெயரிலேயே "தொடர்பு" இருக்கிறது. ஒரு முனை மட்டும் உள்ள கயிற்றை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் நம் கூட்டங்களில் பேசப்படுவதெல்லாம் இந்த முனையைப் பற்றித்தான்: எந்தக் கேமரா, எத்தனை ஒலிவாங்கி, பாடகர் குழுவை எந்தக் கோணத்தில் காட்டுவது, டிரோன் வாங்கலாமா? ஆண்டறிக்கையில் பார்வை எண்ணிக்கை பெரிதாக அச்சாகிறது. விரலால் தள்ளிக்கொண்டே போகும் ஒருவரின் திரையில் சில நொடி ஓடிய காணொளியும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கும் என்பது அதைத் தயாரிக்கும் எங்களுக்குத் தெரியும். வந்த கேள்விகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு மனிதர் பதில் எழுதினார் என்ற கணக்கை எந்த அறிக்கையிலும் நான் கண்டதில்லை.

உலகத் தொடர்பு நாளுக்கான திருத்தந்தையின் செய்தி சனவரி 24 அன்று, எழுத்தாளர்களின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியாரின் நினைவு நாளில் வெளிவருவது வழக்கம். அவரைப் பற்றி நாம் சொல்லிப் பழகிய கதை ஒன்று உண்டு: மறையுரை கேட்க மக்கள் வராத பகுதியில், தாள்களில் எழுதிக் கதவுகளுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார் என்பது. அந்தக் காலத்துச் சமூக ஊடகம் என்று ஊடகப் பயிலரங்குகளில் கைத்தட்டல் வாங்கும் கதை. அவரைப் பற்றி நாம் சொல்லாமல் விடும் செய்திகள் இரண்டு.

முதலாவது, அவர் எழுதிய மிகப் புகழ்பெற்ற நூல் நூலாகப் பிறக்கவில்லை. இல்லறத்தில் இருந்துகொண்டே இறைப்பற்றில் வளர வழி கேட்ட ஒரு பெண்ணுக்கு அவர் எழுதிக் கொடுத்த அறிவுரைகளே 1609இல் நூலாயின. ஒருவருக்குச் சொன்ன பதிலை நான்கு நூற்றாண்டுகளாக உலகம் படித்துக்கொண்டிருக்கிறது. நாமோ உலகம் முழுமைக்கும் ஒரே பதிவைப் போட்டுவிட்டு, அது ஒருவருக்காவது பயன்பட்டதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, அவர் காது கேளாதோருக்கும் பாதுகாவலர். கேட்கும் திறனும் பேச்சும் இல்லாத ஓர் இளைஞருக்குச் சைகைகளால் மறைக்கல்வி புகட்டி, திருப்பலியில் வழங்கப்படும் நற்கருணையைப் பெற ஆயத்தப்படுத்தியவர். எழுத்தாளருக்கும் காது கேளாதோருக்கும் ஒரே புனிதரைப் பாதுகாவலராகக் கொண்ட திருச்சபையின் காணொளிகளில், அடியில் ஓடும் எழுத்து வரிகள் எத்தனையில் இருக்கின்றன? என் குழு பல மாதம் அதைச் செய்யவில்லை. "நேரமில்லை" என்றோம். தொடக்கத்தில் சுழன்று வரும் நம் பங்கின் சின்னத்துக்கான அசைவூட்டத்துக்கு மூன்று இரவு செலவழித்தோம். அதற்கு நேரம் இருந்தது.

இன்னொரு சின்ன விஷயம், எரிச்சலில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோவிலுக்கு நெடுங்காலம் வராமல் இருந்து, ஒருநாள் வரலாம் என்று மனம் திரும்பும் ஒருவர் முதலில் தேடுவது இறையியல் கட்டுரையை அல்ல. திருப்பலி எத்தனை மணிக்கு, ஒப்புரவுக்கு அருள்பணியாளர் எப்போது அமர்வார் என்பதை. பல பக்கங்களில் அந்த நேரம் தவறாக இருக்கிறது, அல்லது போன ஆண்டினுடையது. பூட்டிய கதவின் முன் வந்து நின்று திரும்பிப் போனவர் இன்னொரு முறை வர எத்தனை ஆண்டு ஆகுமோ!

நேரலையை நிறுத்தச் சொல்வதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். நோயுற்றுப் படுத்திருந்த புனித கிளாரா, ஒரு கிறிஸ்து பிறப்புத் திருவிழா இரவில் தொலைவிலிருந்த கோவிலின் வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டு கேட்டார் என்ற மரபை வைத்துத்தான், 1958இல் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக்கினார். எழுந்து வர இயலாதவருக்குத் திரை ஒரு கொடை. ஆனால் திரைக்கு எல்லை உண்டு. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002இலேயே வத்திக்கான் தெளிவாக எழுதிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் 17 அன்று, நேரலையில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நேரலையிலேயே எச்சரித்தார்: இது இக்கட்டு நேரத்தின் திருச்சபை, இதுவே திருச்சபை என்று பழகிவிடக் கூடாது என்ற பொருளில்.

அப்படியானால், வாரந்தோறும் நேரலையில் "ஆமென்" என்று எழுதும் அந்த மூதாட்டியின் வீட்டுக்கு நற்கருணை போகிறதா? நமக்குத் தெரியாது, ஏனென்றால் அவரிடம் நாம் கேட்டதில்லை. "அம்மா, உங்களால் கோவிலுக்கு வர இயலவில்லையா? வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரட்டுமா?" என்று ஒரு வரி எழுத ஆள் இருந்தால் போதும், கேமராவின் வேலை அதோடு முடிந்து, அருள்பணியாளரின் வேலை தொடங்கிவிடும்.

ஆள் எதற்கு, செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் கத்தோலிக்க நம்பிக்கை விளக்கப் பணி செய்யும் அமைப்பு ஒன்று, குருவின் உடை அணிந்த உருவத்தோடு உரையாடும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. அது பாவமன்னிப்பு வழங்குவதுபோலப் பதில் சொன்னதைப் பயன்படுத்தியவர்கள் வெளியில் கொண்டுவந்ததும், சில நாட்களிலேயே அந்த உருவத்தின் குரு உடையைக் கழற்றிப் பொதுநிலையினர் ஆக்கிவிட்டார்கள். சிரித்துக் கடக்கலாம். ஆனால் அந்த 1.40 மணிச் செய்தியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. செயற்கை நுண்ணறிவை மனித அறிவின் விளைபொருளாகப் பார்க்க வேண்டுமே தவிர அதன் செயற்கை வடிவமாகக் கருதக் கூடாது என்று 2025 சனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட குறிப்பு சொல்கிறது. எழுத்து வரிகள் போட, மறைக்கல்வி ஏட்டின் பத்தியைத் தேடி எடுக்க, மொழிபெயர்ப்பின் முதல் வரைவுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். அப்பாவை இழந்தவரிடம் அதை அனுப்பாதீர்கள்.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தை ஊடகப் பணிக்குழுவினர் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும். எத்தியோப்பிய அரச அலுவலர் தேரில் போய்க்கொண்டே இறைவாக்கினர் எசாயாவின் நூலைப் படிக்கிறார். ஏடு கையில் இருக்கிறது. நாம் இன்று பதிவேற்றுவது போன்ற "உள்ளடக்கம்" அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நற்செய்தி அறிவித்துவந்த பிலிப்பு ஓடிப்போய், படிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். யாராவது விளக்காவிட்டால் எப்படி விளங்கும் என்கிறார் அவர். பிலிப்பு தேரில் ஏறி அருகில் அமர்கிறார். தம் விருப்பப்படி ஒரு தலைப்பை எடுக்காமல், அவர் படித்துக்கொண்டிருந்த பகுதியிலிருந்தே தொடங்குகிறார். பிறகுதான் தண்ணீர் வருகிறது, இருவரும் திருமுழுக்குக்காக இறங்குகிறார்கள். அந்த அலுவலர் போன்றவர்கள் இன்று கைப்பேசியில் படித்துக்கொண்டே போகிறார்கள். தேரில் ஏறத்தான் நம்மிடம் ஆள் இல்லை.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வொரு பங்கிலும், அல்லது நான்கைந்து பங்குகள் சேர்ந்தாவது, வரும் செய்திகளைப் படிப்பதையே திருப்பணியாகக் கொண்ட இருவரை அமர்த்துங்கள். இருவர் என்பதில் பிடிவாதமாக இருங்கள். ஒரு கணக்கின் திறவுகோல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது, சிறுவர்களோடு தனி உரையாடல் நடக்கவே கூடாது. ஒளிப்பதிவு தெரிந்தவர்கள் இதற்கு வேண்டாம். துயரத்தில் இருப்பவர் பேசும்போது குறுக்கிடாமல் இருக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். சிலர் தம் பாவங்களையே எழுதிவிடுகிறார்கள். அது ஒப்புரவு அருளடையாளம் ஆகாது என்று கனிவாகச் சொல்லி, அருள்பணியாளரிடம் வழிகாட்டி, படித்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் நாவடக்கம் அவர்களுக்கு வேண்டும். ஆனால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி வந்தால் அங்கே நாவடக்கம் குற்றம்; அதை உடனே யாரிடம், எந்தச் சட்ட அமைப்பிடம் கொண்டுபோக வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவதாக எழுதுபவருக்கும் அப்படியே.

பின்னூட்டங்களில் நம்மவரே ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதைப் பற்றித் தனி மடல் எழுதலாம். கத்தோலிக்க ஊடகங்களிலும் எல்லை மீறப்படுகிறது, அவதூறு வழக்கமாகிவிடுகிறது என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸே எழுதினார். இங்கே அதை இத்தோடு விடுகிறேன்.

பணம் பெரிதாகக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வாங்கவிருக்கும் கருவிகளின் பட்டியலில் கடைசி இரண்டு வரிகளை அடித்துவிட்டு, அத்தொகையைப் பயிற்சிக்கு ஒதுக்கினாலே போதும். எங்கள் குழுவில் மூவர் இப்பணிக்கு ஆயத்தமாக இருக்கிறோம். மூவரில் ஒருவர் பல ஆண்டு செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், இறப்புப் படுக்கைகளின் அருகே அமர்ந்து பழகியவர். எங்களுக்கு வேண்டியது உங்கள் எழுத்து வழி ஒப்புதலும், எங்களால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை எந்த நேரத்திலும் கொண்டுபோய்க் கேட்கக்கூடிய ஓர் அருள்பணியாளரின் தொலைபேசி எண்ணும். அந்தத் தானியங்கிப் பதிலை நேற்று நானே நீக்கிவிட்டேன்; அதற்கு யாரிடமும் ஒப்புதல் பெறவில்லை.

கிறிஸ்துவில்,
நேரலைக் குழுத் தன்னார்வலன் ஒருவன்