ஆலய வளாகத்துப் புளியமரம்

கர்த்தருக்குள் அன்பான மக்கா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. மழை இன்னும் விடவில்லை, கும்பப்பூ நெல் நட்ட வயலெல்லாம் பச்சை கட்டிவிட்டது.

நம் ஆலய வளாகத்துப் புளியமரத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதை வெட்டிவிட்டு கார் நிறுத்த ஷெட் போடலாம் என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. மரம் நிறைய கொக்குக் கூடு. ஆராதனைக்கு வருகிறவர்களின் வெள்ளை வேட்டியில் எச்சம் விழுகிறது, நாற்றமும் உண்டு. குறை சொல்கிறவர்களை நான் தப்பு சொல்லமாட்டேன்.

மறுநாள் விடியற்காலம் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மடையான் கொக்கின் கூடு என்றால் கொஞ்சம் சுள்ளிதான், கீழிருந்தே முட்டை தெரிகிறது. ஒரு கூட்டில் வெளிர்நீலத்தில் மூன்று முட்டை. பக்கத்துக் கூட்டில் தாய் அடைகாத்திருந்தது, தூறல் முதுகில் விழுந்தும் அசையவில்லை. என் காலடியில் பாதி செரித்த ஒரு கெண்டை மீன் கிடந்தது. நாம் நீந்திப் பழகிய குளத்து மீனாகத்தான் இருக்கும். 2022-இல் சுசீந்திரம் தேரூர் குளங்களையும் வேம்பனூரையும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! குளத்தில் இரை தேடுகிற பறவைக்குக் கூடு கட்ட மரம் வேண்டுமே, அதை அன்று நினைக்கவில்லை.

அன்று ராத்திரி வேதத்தில் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். மரத்தில் குருவிக்கூடு தென்பட்டால் குஞ்சுகளோடு தாயையும் பிடிக்காதே, தாயைப் போகவிடு என்கிறது. அப்படிச் செய்தால் ‘நீ நன்றாயிருப்பாய், உன் நாட்களும் நீடித்திருக்கும்.’ இந்த வார்த்தை உனக்கு ஞாபகம் வருகிறதா? ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளைக்குக் கொடுத்த அதே ஆசீர்வாதம்! ஒரு கொக்குக்கு இரங்குகிறவனுக்கும் கர்த்தர் அதையே வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் வாசித்தும் என் கண்ணில் படவில்லையே மக்கா. ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ என்றுதான் ஆதாமை வைத்தார். நம் ஊரில் பண்படுத்துவதற்கு ஒரு குறைவும் இல்லை. மலைச்சரிவெல்லாம் ரப்பர் வைத்தோம், பாறையை உடைத்து வீடு கட்டினோம். காக்கவும் சொல்லியிருக்கிறாரே என்று அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் இரண்டு வசனத்தையும் வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெண்கள் சங்கத்து அக்கா ஒருத்தி, “குஞ்சு பறக்கட்டும், பிறகு பார்ப்போம்” என்றார். போதகர் ஐயாவும் சரி என்றார். ஆனால் ஷெட் திட்டத்தைக் கைவிடவில்லை, கோடாலியைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஷெட்டுக்கு முதல் பணம் அனுப்பியது நீ. மேற்கு மதிலோரம் பட்டுப்போன இரண்டு தென்னை நிற்கிற இடம் சும்மாதான் கிடக்கிறது. நான் அளந்து பார்த்தேன், ஆறு கார் நிற்கும். அங்கேயே போடுங்கள், மரம் நிற்கட்டும் என்று நீ ஒரு வரி எழுதினால் கமிட்டி கேட்கும். அடுத்த கூட்டம் ஜனவரி இரண்டாவது ஞாயிறு, அதற்கு முன்னால் எழுது.

உன்
தாசன்