அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரி வாழ்க்கை பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். "யூத மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டிகள் நம் ஊர் சாதிச் சங்கம் மாதிரிதான், வேற்று மதத்துப் பையனுக்கு அங்கே இடமே கிடையாது" என்ற வரி வந்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். என் மகன் அப்படி ஒரு ஃபிரட்டர்னிட்டியில், அதாவது கல்லூரிப் பையன்கள் ஒரே வீட்டில் கூடி இருக்கிற மாணவர் சங்கத்தில், மூன்று வருடம் இருந்தவன். நாங்கள் சனிக்கிழமை தவறாமல் பெருமாளுக்கு விளக்கேற்றுகிற குடும்பம். அவனை அவர்கள் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

இந்தச் சங்கங்கள் ஏன் தோன்றின என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய ஃபிரட்டர்னிட்டிகள் பலவற்றின் விதிகளிலேயே வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்கள் மட்டும் என்று எழுதி வைத்திருந்த காலம் அது, யூதப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வாசலோடு சரி. யேல் பல்கலைக்கழகத்தில் 1895ல் மூன்று மாணவர்கள் பை லாம்ப்டா ஃபை என்ற ஃபிரட்டர்னிட்டியைத் தொடங்கியபோது மதம் பார்ப்பதில்லை என்று சொல்லியே தொடங்கினார்கள். அப்புறம் நியூயார்க்கில் 1898ல் சீட்டா பீட்டா டௌ, 1909ல் சிக்மா ஆல்ஃபா மியூ, 1913ல் ஆல்ஃபா எப்சிலான் பை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த லோவெல், யூத மாணவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம் என்று யோசனை சொன்னது 1922ல். தள்ளி வைக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டதை, தள்ளி வைத்தவர்கள் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம், ஐயா?

வேற்று மதத்தவருக்கு இடமில்லை என்பதும் பழைய கதை. சிக்மா ஆல்ஃபா மியூ 1953லும் சீட்டா பீட்டா டௌ 1954லும் எந்த மதத்தவரும் சேரலாம் என்று முடிவு செய்துவிட்டன. நம் தனித்தன்மை கரைந்துவிடும் என்று பழைய உறுப்பினர்கள் பயந்தார்கள், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆல்ஃபா எப்சிலான் பை இன்றைக்கும் தன்னை யூத ஃபிரட்டர்னிட்டி என்றே சொல்லிக்கொள்கிறது, அங்கேயும்கூட அவர்களுடைய நோக்கத்தை ஏற்கிற மற்ற மதத்துப் பையன்கள் சேரலாம்.

எல்லாம் தேனாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. என் மகன் முதலில் போன ஒரு வீட்டில் (பெயர் வேண்டாம்) ஒரு பையன் கேட்ட முதல் கேள்வியே "உன் அம்மா யூதரா?" என்பதுதான். இல்லை என்றதும் பேச்சு அத்தோடு நின்றது, திரும்பக் கூப்பிடவே இல்லை. அன்று ராத்திரி அவன் என்னிடம் போனில் சொன்னபோது, நான் என்ன தப்பு செய்தேன், என்னை ஏன் இழுத்தார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்பது அவர்களுடைய பழைய சட்டம் என்று பிறகுதான் புரிந்தது. அமெரிக்க யூதர்களில் சீர்திருத்தப் பிரிவினர் 1983ல், தகப்பன் யூதராக இருந்து பிள்ளையையும் யூதனாக வளர்த்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். அவன் பிறகு சேர்ந்த வீட்டில் அப்பா யூதர், அம்மா கத்தோலிக்கர் என்று ஒரு பையன் இருந்தான். அந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு நொந்தவன். என் மகனை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவன்தான்.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றி, ஹீப்ருவில் பிரார்த்தனை சொல்லி, பின்னிய ரொட்டியைப் பிட்டுப் பகிர்ந்துவிட்டுத்தான் சாப்பாடு. நான் ஒருமுறை போயிருக்கிறேன். கறி சாப்பிடாத என் மகனுக்கும் எனக்கும் தனியாகச் சமைத்து வைத்திருந்தார்கள், பிரார்த்தனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு அர்த்தம் சொன்னான். என் மகனுக்காக அந்த மெழுகுவர்த்தியை நிறுத்தியிருந்தால் எனக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும். வீடு அவர்களுடையது, அதில் இவனுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். மூன்று வருடத்தில் ஒருவர்கூட அவனை மதம் மாறச் சொன்னதில்லை.

நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறேன், அந்த உரிமையில் இன்னும் இரண்டு விஷயம். ஹனுக்காவை "யூதர்களின் தீபாவளி" என்று போட்டீர்கள். எருசலேம் கோயிலை மீட்டு மறுபடி அர்ப்பணித்த நினைவாக அவர்கள் எட்டு நாள் கொண்டாடுவது அது. விளக்கு இருந்தால் எல்லாம் தீபாவளியா? அதற்கு முன்னால், அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளெல்லாம் பெற்றோரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவார்கள் என்று எழுதினீர்கள். மனது பொறுக்காமல் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். நீங்கள் அச்சிட்டது "தங்கள் இதழ் நன்று" என்ற முதல் வரி மட்டும். என் பெயரைப் பார்த்து ஊரிலிருந்து என் தங்கை சந்தோஷமாகப் போன் செய்தாள், அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது எங்களில் ஒருவரைக் கேட்கலாமே.

இந்தக் கட்டுரையை மகனுக்குப் படித்துக் காட்டினேன், அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. முழுவதும் கேட்டுவிட்டு, "இதை எழுதினவங்க எங்க வீட்டுக்கு வந்திருக்காங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், அந்த வரி தவறு, 1950களிலிருந்தே மற்ற மதத்தவரைச் சேர்க்கிற யூத ஃபிரட்டர்னிட்டிகள் இருக்கின்றன என்று போடுங்கள். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதம் வேண்டாம், திருத்தம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
நியூ ஜெர்சி